கைக்கும் ஒரு கணக்கு வேண்டும்

(தோட்டக் கிளைக் கூட்டம் ஒன்றில் கிராணி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)





சம்பளத்தைப் பற்றியும் வீட்டு வசதியைப் பற்றியும் எனக்கு முன் பேசிய தோழர்கள் விளக்கமாகச் சொல்லிவிட்டார்கள். "நீ அறிவுக்குப் பயன்படுகிற விஷயம் ஏதாவது பேசு" என்று எனக்குக் கட்டளை. நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். டாக்டர் பட்டமும் இல்லை, எஞ்சினியர் பட்டமும் இல்லை. ஆனாலும் விஞ்ஞானம் என்பது வெள்ளைக் கோட்டு அணிந்தவர்களின் தனிச் சொத்து என்று யாரும் நமக்குப் பட்டயம் எழுதித் தரவில்லை. ஆகவே, இங்கே கூடியிருக்கும் எல்லோரிடமும் இருக்கிற ஒரு பொருளைப் பற்றியே பேசப்போகிறேன். அது நம்முடைய முன்கை. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை, ஒரு முழம்கூட இல்லாத இந்தப் பகுதிதான் இன்றைய என் விஷயம்.

புத்தகத்தில் இல்லாத கணக்கு

நான் தினமும் கணக்கு எழுதுகிறவன். யார் வேலைக்கு வந்தார்கள், யார் வரவில்லை, யாருக்கு அரைப் பேர், யாருக்கு முழுப் பேர் என்பது என் புத்தகத்தில் இருக்கிறது. பாலை நிறுத்து, கெட்டியை அளந்து, ஒட்டுப்பாலையும் சேர்த்து எழுதுகிறேன். மங்கு எத்தனை, உளி எத்தனை, வாளி எத்தனை என்பதும் இருக்கிறது. ஆனால் அந்த உளியைப் பிடித்த கை எவ்வளவு உழைத்தது என்பதற்கு ஒரு பத்தி கிடையாது.

நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு 500 மரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மரத்துக்குப் பத்து இழுப்பு என்று வைத்தாலும் 5,000 இழுப்பு ஆகிறது. ஒவ்வொரு இழுப்பிலும் பட்டையை மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது. ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம், கங்காணியின் வாய்க்கு வேலை. அதாவது 5,000 தடவையும் பலத்தோடு இழுக்க வேண்டும், பலத்தை அடக்கவும் வேண்டும். இந்த இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்வது முன்கை.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். ஒரு நாள் வெட்டிய மரத்தை மறுநாளும் வெட்டாமல் ஒரு நாள் விட்டு வெட்டுகிற முறை நமக்குத் தெரியும். ஏன்? அளவுக்கு மீறி வெட்டினால் பட்டை காய்ந்து மரம் பால் தராமல் போய்விடும். அதனால் மரத்துக்கு ஓய்வு கொடுக்கிறார்கள். மரம் ஓய்வெடுக்கும் அந்த நாளில் தொழிலாளி எங்கே இருக்கிறான்? வேறொரு நிரையில் வேறு மரங்களை வெட்டிக்கொண்டிருக்கிறான். மரத்துக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓய்வு. கைக்கு அந்த முறை இல்லை.

கை வலிக்கிறது என்று சொன்னால் என்ன பதில் கிடைக்கிறது? நான் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில், "வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை, பிறகு வலி எங்கிருந்து வந்தது?" என்று ஓர் அம்மையாரைத் திருப்பி அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன். அவர் முப்பது வருடம் பால் வெட்டியவர். பதில் சொல்லத் தெரியாமல் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தசைக்குள் நடப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியாததை இல்லை என்று சொல்லிவிடுவது சுலபம். தெரியாத அந்த வேலையைப் படமாக வரைந்து காட்டுகிற ஒரு கருவியைப் பற்றித்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

முன்கைக்குள் என்ன இருக்கிறது?

எல்லோரும் இடக் கையால் உங்கள் வல முன்கையை, முழங்கைக்குச் சற்றுக் கீழே பிடியுங்கள். இப்போது வலக் கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டுங்கள். விரல் அசைவது கையின் நுனியில். தசை துள்ளுவதோ முழங்கைக்குப் பக்கத்தில்! விரல்களை இழுக்கும் பெரிய தசைகள் விரலில் இல்லை. முன்கையில் இருந்துகொண்டு, கயிறு போன்ற தசைநாண்களால் விரல்களை இழுக்கின்றன. முன்கையில் ஏறக்குறைய 20 தசைகள் அடுக்கடுக்காக நெருக்கிக்கொண்டு கிடக்கின்றன. உள்ளங்கைப் பக்கம் இருப்பவை மடக்குகிறவை. புறங்கைப் பக்கம் இருப்பவை நிமிர்த்துகிறவை.

இப்போது கையை இறுக மூடுங்கள். மடக்குகிற தசைகள் இறுகுகின்றன, அது இயற்கை. புறங்கைப் பக்கமும் தொட்டுப் பாருங்கள், அதுவும் இறுகியிருக்கும். அது இறுகாவிட்டால் மணிக்கட்டு உள்ளே மடங்கிப் பிடி தளர்ந்துவிடும். ஆகவே உளியை எவ்வளவு இறுகப் பிடிக்கிறோமோ அவ்வளவுக்கு இரண்டு பக்கமும் உழைக்கிறது. முழங்கையின் வெளிப்புற எலும்பில் குத்துகிற வலி இங்கிருந்துதான் வருகிறது. அதற்கு ஆங்கில வைத்தியத்தில் 'டென்னிஸ் முழங்கை' என்று பெயர். டென்னிஸ் மட்டையைத் தொட்டே பார்க்காதவர்களுக்குத்தான் அது அதிகமாக வருகிறது!

கிராணிமார்கள் சிரிக்க வேண்டாம். 1873 ஆம் ஆண்டில் ரூங்கே என்ற ஜெர்மன் டாக்டர் இந்த வலியை முதலில் எழுதியபோது, அதை எழுதுகிறவர்களின் நோயோடு சேர்த்தே எழுதினார். அதற்கும் முன்னால், இத்தாலியில் பெர்னார்டினோ ராமாஸீனி என்ற வைத்தியர், 1713 இல் வந்த தம் நூலின் இரண்டாம் பதிப்பில், நாளெல்லாம் எழுதும் எழுத்தர்களின் கை நோயைப் பற்றி ஒரு பகுதி சேர்த்தார். பேனாவும் உளியும் இந்த விஷயத்தில் ஒரே வகுப்பு.

தசையின் மின்சாரம்

தசை சுருங்கும்போது அதில் மின்சாரம் உண்டாகிறது. இத்தாலியின் பொலோனியா நகரில் கால்வானி என்ற அறிஞர் தவளைக் கால்களை வைத்துச் சோதனை செய்து, 1791 இல் தம் முடிவுகளை வெளியிட்டார். 1840களின் இறுதியில் பெர்லினில் எமில் டு புவா ரேமோன் என்பவர் மனிதனிடமே சோதித்தார். இரண்டு பாத்திரங்களில் உப்புத் தண்ணீர் வைத்து, இரண்டு கைகளையும் அவற்றில் நனைத்து, ஒரு கையை மட்டும் இறுக்கினார். கம்பியோடு இணைத்த கருவியின் முள் அசைந்தது. தோல் மின்சாரத்தைத் தடுக்கிறது என்று கண்டு, தம் முன்கையில் கொப்புளம் உண்டாக்கித் தோலை உரித்துவிட்டு மறுபடியும் அளந்தார். முள் முன்னைவிட அதிகமாக அசைந்தது. அறிவைத் தேடியவர்கள் தங்கள் தோலையே கொடுத்திருக்கிறார்கள். 1912 இல் அதே ஜெர்மனியில் ஹான்ஸ் பைப்பர், தசை களைத்துப்போகும்போது அதன் மின் துடிப்பு மந்தமாகிறது என்பதை எழுதி வைத்தார். களைப்பு என்பது வெறும் சோம்பேறித்தனத்தின் மறுபெயர் என்று நினைக்கிறவர்களுக்கு இது நூறு வருடத்துக்கு மேற்பட்ட பதில்.

இந்த மின்சாரம் மிகச் சிறியது. டார்ச் லைட்டில் போடும் ஒரு பேட்டரி 1.5 வோல்ட். தோலின் மேல் அளக்கும் தசை மின்சாரம் பெரும்பாலும் அதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

அது எப்படி உண்டாகிறது? தசை என்பது ஆயிரக்கணக்கான நார்களின் கட்டு. தோட்டத்தில் ஆட்களைக் கும்பல் கும்பலாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கங்காணி வைப்பதுபோல, நார்களும் கும்பலாகப் பிரிந்திருக்கின்றன. கங்காணி தண்டுவடத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு நரம்பணு. அவன் குரல் கொடுத்தால் அவனுடைய கும்பல் முழுவதும் ஒரே சமயத்தில் சுருங்கும். ஒவ்வொரு குரலுக்கும் ஒரு மின் அலை அந்த நார்களில் ஓடும். அதன் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 4 மீட்டர்.

இந்தக் கும்பல்களை வேலைக்கு அழைப்பதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அமெரிக்காவில் ஹென்னமன் என்ற அறிஞர் 1957 இல் அதை வெளிப்படுத்தினார். முதலில் சின்னக் கும்பல்களை அழைக்கிறது உடம்பு. பாரம் கூடக் கூடத்தான் பெரிய கும்பல்கள் வருகின்றன. ஸ்வீடனைச் சேர்ந்த ஹேக் என்பவர் 1991 இல் இதிலிருந்து ஒரு கருத்தைச் சொன்னார். லேசான வேலையையே இடைவிடாமல் செய்தால், முதலில் வந்த சின்னக் கும்பல்கள் கடைசி வரை வீட்டுக்குப் போக முடியாது. பெரிய கும்பல்கள் சும்மா இருக்க, இவை மட்டும் உழைத்து உழைத்துக் கெட்டுப்போகலாம் என்பது அந்தக் கருத்து. முற்றாக நிரூபிக்கப்பட்ட சட்டம் என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் விடியுமுன் முதலில் வந்து கடைசியில் போகிறவன் படும் பாட்டை நமக்கு யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை.

64 பொட்டுகள்

வெகு காலம் வரை, தசையின் மேல் இரண்டு உலோகப் பொட்டுகளை ஒட்டித்தான் அளந்தார்கள். இந்தப் பொட்டுக்கு மின்முனை என்று பெயர். இது எப்படியென்றால், எல்லோருடைய பாலையும் ஒரே தொட்டியில் ஊற்றி நிறுத்துப் பார்ப்பது போல. மொத்தம் எவ்வளவு என்று தெரியும். எந்த மரம் நன்றாகக் கொடுத்தது, எந்த மரம் காய்ந்துவிட்டது என்பது தெரியாது.

புதிய முறையில், வளையக்கூடிய ஒரு மெல்லிய தாளில் மின்முனைகளைக் கட்டம் கட்டமாக வைத்திருக்கிறார்கள். என் செக்ரோல் புத்தகத்தைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாக விளங்கும்: குறுக்கே வரிசை, நெடுக்கே வரிசை. பொதுவாக ஒரு தாளில் 64 மின்முனைகள். ஒன்றுக்கொன்று 8 அல்லது 10 மில்லிமீட்டர் இடைவெளி. முன்கையின் ரோமத்தை மழித்து, தோலைத் தேய்த்துச் சுத்தம் செய்து, மின்சாரம் கடத்தும் பசையைத் தடவி, இந்தத் தாளை ஒட்டுகிறார்கள். ஊசி இல்லை, ரத்தம் இல்லை. ஒவ்வொரு மின்முனையையும் வினாடிக்கு 2,000 தடவை போலக் கம்ப்யூட்டர் படிக்கிறது. 64 பொட்டுக்கும் சேர்த்தால் வினாடிக்கு 1,28,000 எண்கள். எந்தக் கிராணியாலும் எழுதி மாளாது!

கம்ப்யூட்டர் அதை வர்ணப் படமாக்குகிறது. வேலை அதிகம் நடக்கும் இடம் சிவப்பு, குறைந்த இடம் நீலம். இப்போது தொட்டியின் கணக்கு போய், மரத்துக்கு மரம் மங்குக் கணக்கு கிடைத்துவிட்டது.

இந்தத் துறையில் முன்னோடியாக நின்றவர்களில் ஒருவர் இத்தாலியின் டூரின் நகரத்துப் பேராசிரியர் ரொபெர்த்தோ மெர்லெத்தி. அவர் 1996 இல் அங்கே இதற்கென்றே ஓர் ஆராய்ச்சிக்கூடம் தொடங்கினார். 2013 இல் இத்தாலிய ஆராய்ச்சியாளர்கள் முன்கையின் புறங்கைப் பக்கத்தில் இப்படிப்பட்ட கட்டத்தை ஒட்டி, ஒவ்வொரு விரலையும் நிமிர்த்தச் சொல்லிப் பார்த்தார்கள். விரலை நிமிர்த்தும்போது ஓரிடமும், மணிக்கட்டை நிமிர்த்தும்போது வேறோர் இடமும் படத்தில் தனித்தனியே தெரிந்தன.

இன்னும் ஓர் அதிசயம். விடியுமுன் பெரட்டுக் களத்தில் இருட்டில் பல கங்காணிகள் ஒரே நேரத்தில் பேர் கூப்பிடுகிறார்கள். ஓரிடத்தில் நிற்பவனுக்கு அது வெறும் இரைச்சல். அதே களத்தில் 64 இடங்களில் 64 பேர் நின்று கேட்டு, எல்லோரும் கேட்டதை ஒப்பிட்டால், எந்தக் குரல் எந்தக் கங்காணியுடையது என்று பிரித்துவிடலாம் அல்லவா? இந்தக் கணக்கைத்தான் ஸ்லோவேனியா நாட்டின் மாரிபோரில் ஹோலோபாரும் ஸஸுலாவும் 2007 இல் வெளியிட்ட முறை செய்கிறது. தோலின் மேலிருந்தே, தண்டுவடத்தில் இருக்கும் தனித்தனி நரம்பணுக்களின் குரலைப் பிரித்துக் கேட்கிறார்கள். கை இழந்தவனுக்கும் இது உதவுகிறது. கை போனாலும் மிச்சமிருக்கும் தசைக்குக் கட்டளை வந்துகொண்டுதான் இருக்கிறது. அதைப் படித்துச் செயற்கைக் கையை அசைக்கும் முயற்சிகள் நடக்கின்றன.

தொழிலாளிக்கு என்ன பாடம்?

2014 இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி நம் சிந்தனைக்கு உரியது. அது முன்கையில் நடந்தது அல்ல, முதுகில் நடந்தது. ஒரு பெட்டியைத் திரும்பத் திரும்பத் தூக்கி வைக்கச் சொல்லி, முதுகில் மின்முனைக் கட்டத்தை ஒட்டிப் பார்த்தார்கள். முதுகுவலி இல்லாதவர்களிடம், நேரம் ஆக ஆக வேலை தசையின் ஒரு பகுதியிலிருந்து வேறு பகுதிக்கு நகர்ந்தது. ஒருவன் களைத்தால் இன்னொருவன் தோள் கொடுப்பது போல. வலி உள்ளவர்களிடமோ அந்த மாற்றம் குறைவு. பெரும்பாலும் ஒரே பகுதியே பாரத்தைச் சுமந்துகொண்டிருந்தது. மரத்துக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓய்வு கொடுக்கும் அதே தத்துவம் உடம்புக்குள்ளும் இருக்கிறது. அது குலையும் இடத்தில் வலியும் இருக்கிறது.

இன்னொரு பாடம் கூர்மையைப் பற்றியது. அமெரிக்காவில் இறைச்சி வெட்டும் வேலையில், கத்தியின் பிடியிலேயே அளவுகோலைப் பொருத்திச் சோதித்து 2003 இல் முடிவு வெளியிட்டார்கள். கூரான கத்திக்குப் பிடிக்கும் பலமும் வெட்டும் பலமும் குறைவாகவே தேவைப்பட்டன. இது நம் பாட்டன் காலத்திலேயே தெரிந்த விஷயம் என்பீர்கள். உண்மை. ஆனால் உளி தீட்டும் நேரத்தை யார் கொடுக்கிறார்கள்? அது தொழிலாளியின் சொந்த நேரம் என்றல்லவா வைத்திருக்கிறார்கள்? மழுங்கிய உளியின் விலையைக் கை கொடுக்கிறது.

படம் சொல்லாதவை

தோழர்களே, எந்தக் கருவியையும் தெய்வமாக்கிவிடக் கூடாது. இந்தப் படம் மேலாக இருக்கும் தசைகளை நன்றாகக் காட்டும். ஆழத்தில் இருப்பதைச் சரியாகக் காட்டாது. தோலுக்கடியில் கொழுப்பு தடித்திருந்தால் படம் மங்கும். பக்கத்துத் தசையின் மின்சாரம் கலந்துவிடும். கையைத் திருப்பும்போது தோல் நகர்ந்து தசை வேறிடம் போய்விடும். வியர்வை வந்தால் ஒட்டு விட்டுப்போகும். நம் தோட்டத்தின் புழுக்கத்தில் வியர்க்காத கை எது? ஒருவருடைய படத்தை இன்னொருவருடைய படத்தோடு அப்படியே ஒப்பிடவும் முடியாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தக் கருவி தசையின் வேலையை அளக்கிறது, வலியை அளப்பதில்லை. ஆகவே நாளைக்கு யாராவது, "படத்தில் ஒன்றும் இல்லை, உனக்கு வலி இல்லை" என்று சொன்னால், அது விஞ்ஞானத்தின் பெயரால் சொல்லும் பழைய பதில். ஏமாந்துவிடாதீர்கள்.

யாருக்காக அளப்பது?

இது எங்கோ ஐரோப்பாவில் நடக்கும் விஷயம், நமக்கென்ன என்று இருந்துவிடவும் கூடாது. தசை மின்சாரத்தைப் படிக்கும் மணிக்கட்டுப் பட்டை ஒன்றை மெட்டா நிறுவனம் 2025 இல் அமெரிக்காவில் கண்ணாடியோடு சேர்த்து விற்பனைக்கு விட்டது. ஆராய்ச்சிக்கூடத்துக் கருவி கடைக்கு வந்துவிட்டது. கடைக்கு வந்தது ஒரு நாள் வேலைத்தளத்துக்கும் வரும். அன்று நாம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

முதலாவது: என் கையில் அளந்த கணக்கு யாருக்குச் சொந்தம்? பால் கணக்கின் நகல் வேண்டும் என்று கேட்கும் உரிமைபோல், கைக் கணக்கின் நகலும் தொழிலாளிக்கு வேண்டும்.

இரண்டாவது: எதற்காக அளக்கிறீர்கள்? வேலையை மாற்றவா, ஆளை மாற்றவா? களைத்த கையைக் கண்டுபிடித்து அதற்கு ஓய்வு கொடுத்தால் அது வைத்தியம். களைத்த கையைக் கண்டுபிடித்து வெளியே அனுப்பினால் அது வேட்டை.

மூன்றாவது: அளந்த பிறகு என்ன செய்யப்போகிறீர்கள்? அளப்பதோடு நின்றுவிடும் அளவை நமக்குத் தேவையில்லை.

கருவி வரும் வரை கைகட்டி நிற்கவும் வேண்டாம். நம் நாட்டின் 1969 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம், விபத்தை மட்டுமன்றித் தொழிலால் வரும் நோயையும் கணக்கில் எடுக்கிறது. 1994 ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சுகாதாரச் சட்டம், தொழிலாளியின் உடல் நலத்தைக் காக்கும் கடமையை முதலாளியின் மேல் வைக்கிறது. வேலையின் முறையால் உடம்புக்கு வரும் கேட்டை எப்படி ஆராய்வது என்று 2017 இல் அரசாங்கமே வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. சட்டம் இருக்கிறது. சட்டத்தின் முன் வைக்க நம்மிடம் எழுத்து இருக்கிறதா?

ஆகவே இந்தக் கிளைக்கு என் யோசனை ஒன்று. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குவோம். கை வலிக்கிற ஒவ்வொருவரும், வலி எந்தத் தேதியில் தொடங்கியது, எந்த வேலையில், முழங்கையிலா மணிக்கட்டிலா, இரவில் விரல் மரத்துப்போகிறதா, டாக்டரிடம் எப்போது காட்டினார்கள் என்பதைச் சொல்லட்டும். எழுதத் தெரிந்தவர்கள் எழுதட்டும். தெரியாதவர்களுக்குக் கிராணிமார்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். ரப்பர் நின்ற பல மேடுகளில் இன்று செம்பனை நிற்கிறது. குலை வெட்டுகிறவரின் கையும் கைதான். அக்கரையிலிருந்து வந்து நம் பக்கத்து நிரையில் உளி பிடிக்கும் தோழரின் கையும் கைதான். அவர்கள் பெயரும் அந்த நோட்டில் ஏறட்டும். அடுத்த பேச்சுவார்த்தையில் உளி தீட்டும் நேரத்தை வேலை நேரமாகக் கேட்போம். வலி கண்டவருக்குக் கை மாறும் வேலை கேட்போம். கேட்கும்போது அந்த நோட்டை மேசை மேல் வைப்போம்.

டூரினில் 64 பொட்டுகள் எழுதுகிற கணக்கை, இங்கே நாம் ஒரு பென்சிலால் தொடங்கலாம். நோட்டுக்கான காசை இன்றே நான் பொருளாளரிடம் கொடுத்துவிடுகிறேன். முதல் பெயரை எழுத யார் முன்வருகிறீர்கள்?